அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலயாம்

அன்று காலை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ‘சே’யையும் ‘டெல்’லையும் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வருடா வருடம் இந்தப் பாடத்தில்தான் என் தொண்டைத் தண்ணீர் வற்றும். தமிழில் இரண்டுக்கும் ‘சொல்’ என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக வாழ்ந்துவிடுகிறோம். ஆங்கிலக்காரனுக்கு அது போதவில்லை. வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்தால் ‘சே’. அந்த வார்த்தை இன்னொருவரைப் போய்ச் சேர்ந்தால் ‘டெல்’. அதனால் ‘டெல்’லுக்குப் பின்னால் கட்டாயம் ஓர் ஆள் நிற்க வேண்டும். ‘ஹி டோல்ட் மீ’ சரி. ‘ஹி செட் மீ’ தவறு. ‘சே’யோடு ஆளைக் கொண்டுவந்தே தீருவேன் என்றால் நடுவில் ஒரு ‘டு’ போட்டு, ‘ஹி செட் டு மீ’ என்று எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் இதை வேறு விதமாகச் சொல்வேன். ‘டெல்’ தபால்காரர் மாதிரி, வாசலில் ஆள் வந்து நிற்காமல் கடிதத்தைத் தர மாட்டார். ‘சே’ கோயில் திருவிழா ஸ்பீக்கர் மாதிரி, கேட்கிறவன் கேட்கட்டும் என்று அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். பிறகு விதிவிலக்குகள். உண்மையும் பொய்யும் கதையும் ஆள் இல்லாவிட்டாலும் ‘டெல்’தான். ஒருவரைப் போகச் சொல், இருக்கச் சொல் என்று கட்டளையிடுவதும் ‘டெல்’தான். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், அப்ப பொய்ய ‘சே’ பண்ணவே ஏலாதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று நான் வாயைத் திறந்த நேரத்தில்தான் மேசையில் இருந்த என் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.

வகுப்பில் தொலைபேசி எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளைத் திட்டுகிறவளே நான்தான். ஆனாலும் திரையில் தம்பியின் எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போனது. தம்பி பகலில் அழைக்கிறவன் இல்லை. அவனும் அம்மாவும் இருக்கிற லயம், தேயிலைத் தோட்டத்து வரிசைவீடு, பூனாகலைக்கு மேலே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே சிக்னல் கிடையாது. யாருக்காவது பேச வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டுக் கோயில் மேடு வரை ஏறிப் போக வேண்டும். சும்மா சுகம் விசாரிக்க எவரும் அந்த மேடு ஏறுவதில்லை.

“அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. நீ கெளம்பி வா.”

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் முடியல. நீ வா.”

அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டது. திருப்பி எடுத்தால் அழைப்பு போகவே இல்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பயம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. கொஞ்சம் முடியவில்லை என்றால் காய்ச்சலாக இருக்கும், தலைசுற்றாக இருக்கும், இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பார்கள். எங்கள் தோட்டங்களில் போனில் யாரும் சாவதில்லை. கொழும்பில் கடையில் நிற்கிற மகனுக்கும், பட்டணத்தில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்கும் சாவைச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்வார்கள்: கொஞ்சம் முடியல, கெளம்பி வா. அதோடு ஒரு ‘ஒண்ணுமில்ல’வும் சேர்த்துச் சொன்னால் குழி வெட்ட ஆள் போய்விட்டது என்று அர்த்தம். தனியாக பஸ்ஸில் வரப்போகிறவள் நடுவழியில் விழுந்துவிடக் கூடாது, வந்து சேர்ந்த பிறகு நாலு பேர் தாங்கிப் பிடிக்க அழட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தின் மீது எனக்கிருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா போனபோது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். அப்போதும் இதே செய்திதான் வந்தது. அப்போது எனக்கு விவரம் போதாது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்றுதான் நினைத்தேன். பண்டாரவளையில் இறங்கி, நல்ல பழமாகப் பார்த்துத் தோடம்பழம் வாங்கினேன். அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் காட்டலாம், லீவு எப்படிப் போடலாம் என்று வழி நெடுகத் திட்டம் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் தோட்டத்து முடக்கில் பஸ் திரும்பியபோது பாதையின் இரண்டு பக்கமும் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் ஓடி வந்து முதலில் என் கையிலிருந்த பழப்பையைத்தான் வாங்கினாள். அந்தப் பையோடு நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆகவே இந்த முறை ஏமாறுவதற்கு நான் தயாராக இல்லை. அதிபரிடம் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தபோதே அம்மா இல்லை என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு கடைப் படியில் உட்கார்ந்து எழும்பினேன். தம்பியிடம் ஏன் நேராகக் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டிருந்தாலும் பயனில்லை. உயிரோடு இருந்தாலும் ‘இருக்காங்க’ என்றுதான் சொல்லியிருப்பான், இல்லாவிட்டாலும் ‘இருக்காங்க’ என்றுதான் சொல்லியிருப்பான். எங்கள் ஆட்கள் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே வைத்திருப்பதில்லை.

பஸ் புறப்படும் முன் சித்திக்கு அழைத்தேன். அம்மாவின் தங்கை, ஹாலிஎலயில் இருக்கிறாள். என்ன சொல்வதென்று யோசிக்காமலே வாய் திறந்தது. வெளியே வந்தது அதே வார்த்தைதான்.

“சித்தி, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலயாம்.”

சித்தி, “எப்ப எடுக்குறாங்களாம்?” என்று கேட்டாள்.

“தெரியல சித்தி. நான் போய்க்கிட்டு இருக்கேன்.”

தொலைபேசியைப் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் கேட்டது சவ ஊர்வலத்தைப் பற்றி என்பதும், நான் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேன் என்பதும் உறைத்தது. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன், ஒரு எழுத்துக்கூட அதிகமாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் வாயாலேயே அம்மாவைச் சாகடித்துவிட்டது மாதிரி இருந்தது.

ஹாலிஎலயில் பஸ் நின்றதும் சித்தி ஏறினாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு திருப்பம் கடந்த பிறகு, “வெலிமட அண்ணனுக்குச் சொல்லிட்டேன்” என்றாள். வெலிமடையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமனைத்தான் சொன்னாள்.

“என்னன்னு சொன்னீங்க சித்தி?”

“அக்காவுக்குக் கொஞ்சம் முடியலன்னு சொன்னேன். வேற எப்பிடிச் சொல்றது?”

மாமாவும் இந்நேரம் கடையை மூடியிருப்பார். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது, மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும். தம்பி சொன்னான், நான் சொன்னேன், சித்தி சொன்னாள். ஒருவரும் ஒருவருக்கும் எதையும் தெரிவிக்கவில்லை. எங்களுடையதெல்லாம் ‘சே’தான். என் பிள்ளைகள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள், அந்தப் பயிற்சியை முடித்திருப்பார்களா என்று ஒரு பக்கம் நினைப்பு ஓடியது. இந்த நேரத்திலும் இலக்கணமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் மனம் பயத்தில் கையில் கிடைத்ததைத்தான் பிடித்துக்கொள்ளும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

தெமோதரை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். உள்ளே ஈரக் குடையின் நாற்றமும் யாரோ வாங்கிப்போன கருவாட்டின் நாற்றமும் சேர்ந்து குமட்டியது. நான் விடாமல் தம்பியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குரல் மூன்று மொழியிலும் மரியாதையாக, தற்போது தொடர்புகொள்ள முடியாது என்றது. நல்லதுதான் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அவன் எடுக்காதவரை அம்மா இருக்கவும் கூடும். எடுத்துவிட்டால் என்ன சொல்வானோ என்ற பயத்தில், எடுக்காமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டே அழைத்தேன்.

பண்டாரவளையில் இறங்கி பூனாகலை பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருந்தது. நிலையத்துக்கு எதிரே பழக்கடையும், அதை ஒட்டி மாலைக் கடையும் இருக்கின்றன. தோடம்பழம் அடுக்கி வைத்திருந்தார்கள். பழம் வாங்கினால் போன முறை மாதிரி ஆகிவிடும். வாங்காமல் மாலை வாங்கினால், ஒருவேளை அம்மா இருந்தால், உயிரோடு இருப்பவளுக்கு மாலையோடு போய் நிற்பேன். இரண்டு கடைக்கும் நடுவில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் சிங்களத்தில், என்ன வேண்டும் நோனா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு சித்தியின் பின்னால் பஸ் ஏறினேன்.

பூனாகலைப் பாதையில் ஒரு திருப்பத்தில் வெள்ளைக் கொடி தெரிந்தது. சித்தியின் விரல்கள் என் கையில் இறுகின. மழையில் நனைந்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டு, பாதையோரம் நெடுகிலும் கொடி. எங்கள் தோட்டம் இன்னும் வரவில்லை என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை, காது அடைத்துவிட்டது. பஸ் அந்தக் கொடிகளைக் கடந்து, ஒரு சிறிய வீட்டின் முன்னால் போட்டிருந்த தகரப் பந்தலையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் கடந்து போனது. வேறு யாருடையதோ சாவு. அதற்காக நான் பட்ட சந்தோஷம் மனிதர்கள் படக்கூடிய சந்தோஷம் இல்லை, ஆனாலும் பட்டேன்.

எங்கள் முடக்கில் இறங்கியபோது கொடி இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தேயிலை இருந்தது, மழை இருந்தது, லயத்துக்கு இறங்கும் கல்லுப்படி இருந்தது. கொடி மட்டும் இல்லை. சித்தியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எரிச்சலோடு, “இன்னமும் கொடி கட்டலயா? இந்தப் பயலுக்கு ஒரு பொறுப்பு வேணாமா?” என்றாள்.

“சித்தி, கொஞ்சம் இருங்க. அம்மா இருந்தாலும் இருக்கலாம்.”

“மனசத் தேத்திக்கடி” என்று என் தலையைத் தடவினாள். பிறகு படியில் கால் வைத்ததும், முறைப்படி, மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்து அழத் தொடங்கினாள். கூடப் பிறந்தவளை இழந்தவள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு அழத் தொடங்கினால் ஊர் பேசும். தூரத்திலிருந்தே அழுதுகொண்டு வர வேண்டும். என்னைப் பெத்த அக்கா, என்னைத் தனியா விட்டுட்டுப் போனியே அக்கா என்று அந்தப் பள்ளம் முழுக்க எதிரொலித்தது. நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். துக்கத்தில் நான் கட்டிப்பிடிக்க வருகிறேன் என்று நினைத்து அவள் என்னை இறுக அணைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள்.

லயத்தின் இஸ்தோப்புத் திண்ணைகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் துக்கம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் கையில் சோற்றுக் கரண்டியோடு ஓடி வந்து, “ஐயோ, எதுக்கு அழுவுறீங்க? உள்ளதான் இருக்காங்க! நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

சித்தியைத் தள்ளிவிட்டு ஓடினேன். எங்கள் காம்பராவில் அம்மா கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தக் கால் சில்லிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“யாருக்குடி அழுவுறா அவ?” என்று அம்மா கேட்டாள்.

சித்தி வாசல் வரை வந்து, அக்காவைப் பார்த்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நின்றுபோன அழுகை அவள் தொண்டைக்குள் விக்கலாக மாறியது.

தம்பி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். காலையில் வேலைக்குப் பேர் பதிக்கும் பெரட்டுக்கு ஆள் போகும் நேரத்திலிருந்தே அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்துவிட்டு, நாக்குக்கு அடியில் ஒரு குளிசை வைத்து, இது இதய வருத்தம் மாதிரி இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாராம். வேன் அப்போதே வந்துவிட்டது. அம்மாதான் அசையவில்லை. அக்கா வரட்டும், அதற்குப் பிறகு வருகிறேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாளாம்.

“அதப் போனுல சொல்றதுக்கு என்னடா?” என்று அவனைக் கடித்துக் குதறினேன்.

“முடியலன்னு சொன்னேன்ல? வேற எப்பிடிச் சொல்ல?” என்றான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. “சார்ஜ் வேற போயிருச்சு.”

அவன் சொன்னது சத்தியம். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் குடும்பத்தில் ஒருவன் முடியாதவளை முடியவில்லை என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் யாரும் அதை நம்பவில்லை.

“சரி, இப்பக் கெளம்பலாம். கதிரையில வச்சுத் தூக்குங்க” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வெலிமடை மாமா வந்துவிட்டார். கடை வேலை செய்த சட்டையோடு, முழங்கால் வரை சேறோடு, தலை குனிந்தபடி உள்ளே நுழைந்தார். அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதன் வாய் வழியாகப் புதுச் சேலையின் கரை தெரிந்தது.

எங்களில் பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து போர்த்தாமல் அவளை எடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கு உயிரோடு இருக்கும் ஒரே அண்ணன் அவர்தான். அம்மா முதலில் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். மாமா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “இது... தீவாளிக்கு உனக்கு எடுத்தது” என்றார். தீபாவளி போய் மாசக்கணக்காகிவிட்டது.

அம்மா வெளிறிப் போனாள். “கோடி வந்திருச்சு. இனி என்ன எங்க கொண்டுபோறீங்க?” என்றாள். “டாக்டரு உங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்கான். நீங்க எல்லாருமாச் சேந்து மறைக்கிறீங்க.”

“அப்பிடி ஒண்ணுமில்லக்கா” என்றாள் சித்தி.

“ஒண்ணுமில்லம்மா” என்றான் தம்பி.

ஒவ்வொரு ‘ஒண்ணுமில்ல’வுக்கும் அம்மாவின் கண்களில் பயம் ஒரு படி ஏறியது. அந்த வார்த்தையை எத்தனை சாவுகளுக்கு அவளே மற்றவர்களிடம் சொல்லியிருப்பாள்! சாகக் கிடந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் சொன்னதும் அதுதான். வேன் மேலே பாதையில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை எங்களால் தளர்த்த முடியவில்லை. பலவந்தமாகத் தூக்கினால் அந்த நெஞ்சு தாங்காது. பேசிக்கொண்டே நின்றாலும் தாங்காது. என் கண் முன்னாலேயே, எங்கள் நல்லெண்ணத்தாலேயே, அம்மா போய்விடப் போகிறாள் என்று எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

அந்தப் பயம்தான் என் வாயைத் திறந்தது. மற்றபடி எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

“அம்மா, இங்க பாரு. நீ செத்துட்டேன்னு நெனச்சுத்தான் நாங்க வந்தோம்.”

“அடிப் பாவி!” என்றாள் சித்தி. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இவன் முடியலன்னு சொன்னான். செத்துட்டேன்னு நான் நெனச்சேன். சித்திகிட்டச் சொன்னேன், எப்ப எடுக்குறாங்கன்னு கேட்டாங்க. சித்தி மாமாகிட்டச் சொன்னாங்க, அவரு கோடி எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டாரு. டாக்டரு ஒண்ணும் சொல்லல. எந்த டாக்டரும் இன்னும் உன்னப் பாக்கவே இல்ல. நாங்களா உன்னக் கொன்னுட்டோம், அவ்வளவுதான். பஸ்ஸுல பாதி வழி அழுதும் முடிச்சுட்டேன்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன், இந்தக் கணமே அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அவள் பார்வை என்னிடமிருந்து சித்தியின் வெள்ளைச் சேலைக்கும், அங்கிருந்து அண்ணனின் பைக்கும் போனது. பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

“சாகப் போறவகிட்ட எவளாவது இப்பிடிப் பேசுவாளா?” என்றாள். கேள்வியை அவளுக்கே கேட்டுக்கொண்டது போல இருந்தது. பேசமாட்டார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் நம்பினாள்.

பிறகு என்னைப் பார்த்து, “எடுபட்டவளே” என்று திட்டினாள். “ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்க நல்ல சேல இல்ல. அண்ணன் கொண்டாந்தத எடு.”

சித்தி வேண்டாம் வேண்டாம் என்று அலறினாள். அம்மா கேட்கவில்லை. கட்டிவிட நேரமில்லாததால் அந்தக் கோடிச் சேலையை அப்படியே அவள் மேல் சுற்றினோம். நீலக் கரை போட்ட வெளிர்ச் சேலை, கடைக் கஞ்சி வாசம் போகாதது. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, தம்பியும் அக்கம்பக்கத்து ஆட்களும் கல்லுப்படியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முன்னால் நாலு பேர் சுமந்து போக, கோடி போர்த்தி அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பண்டாரவளையில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் நான் எங்கிருந்து புறப்பட்டேனோ அங்கேயே வந்து சேர்ந்தோம். என் பாடசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்தான்.

அம்மா பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களையும் விவரம் சொல்லாமல் பஸ்ஸில் ஏற்றி அலையவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அது எங்களில் யாருக்கும் தெரியாது. இளம் சிங்கள டாக்டர் ஒருவர் என்னை வார்டுக்கு வெளியே அழைத்து, நான் ஆங்கில ஆசிரியை என்று கேட்டறிந்துகொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, இதயத்தில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, நாளை காலை வரைக்கும் ‘வி கான்ட் டெல்’ என்றார். சொல்ல முடியாது என்பதற்கல்ல, எங்களுக்கே தெரியாது என்பதற்கு வருகிற ‘டெல்’ அது. தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டவர்களோடுதான் நான் இதுவரை வாழ்ந்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

உள்ளே போனேன். நெஞ்சில் வயர்களை ஒட்டியிருந்தார்கள். பச்சைக் கோடு போடும் பெட்டி ஒன்று தலைமாட்டில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணு...” என்று ஆரம்பித்துவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் அதுதான் வாயில் வந்தது.

“வீட்டுல சொன்ன மாதிரி சொல்லு.”

“நாளைக்குக் காலையில வரைக்கும் எதுவும் தெரியாதாம்மா. காலையிலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமாம். எனக்குப் பயமா இருக்கு.”

அம்மா ஊசி ஏற்றாத கையால் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. விடியக்காலத்துலேருந்து பயமா இருக்கு. தம்பிகிட்டச் சொன்னா அவன் ஒடஞ்சு போவான். பக்கத்துல சொன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லுவாளுக. அதச் சொல்றதுக்குத்தான்டி ஒன்ன வரச் சொன்னேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து இறங்கச் சொல்லி ஏசும் வரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.